டாடா 2518, கம்மின்ஸ் 6பிடி: பிரிச்சு வேலை பார்ப்பதா, ரீகான் இன்ஜின் மாத்துவதா?

சங்ககிரி டென்வீல்

வணக்கம்ங்க. வண்டி டாடா 2518, 10 வீல், 2013 மாடல், பி.எஸ்.3. இன்ஜின் கம்மின்ஸ் 6பிடி 5.9. ஓட்டம் 9 லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. ஹெட் ஒரு தடவை இறக்கி வேலை பார்த்திருக்கு. இன்ஜின் அடிப்பாகம் (கிராங்க், பிஸ்டன் பக்கம்) இதுவரைக்கும் பிரிக்கலை.

இப்போதைய நிலவரம்: 350 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்குது. ப்ரீதர்ல (இன்ஜினுக்குள்ள சேர்ற காத்து வெளியேறுற குழாய்) புகை தள்ளுது. காலையில ஸ்டார்ட் பண்ணா ஊதாப் புகை, சூடானதும் குறையுது. லோடோட மைலேஜ் 4.2ல இருந்து 3.5க்கு வந்திருச்சு. ஆயில் பிரஷர் சூட்டுல ஐடிலிங்ல 12 பி.எஸ்.ஐ., 1800 ஆர்.பி.எம்.ல 35. தொப்பூர் ஏத்தத்துல டெம்பரேச்சர் முள்ளும் மேல போகுது.

மூணு யோசனை சொல்றாங்க. மெக்கானிக் வண்டியில வச்சே ரிங், பேரிங், ஹெட் வேலை பார்த்து ஹாஃப் இன்ஜினா முடிச்சிடலாம்னு சொல்றார். டீலர் பக்கம் பழைய இன்ஜினைக் கொடுத்துட்டு ரீகான் இன்ஜின், அதாவது பிரிச்சு முழுசாப் புதுப்பிச்ச இன்ஜின், எக்ஸ்சேஞ்ச் பண்ணச் சொல்றாங்க. புரோக்கர் ஒருத்தர் உடைச்ச வண்டியோட இன்ஜின் இருக்கு, விலை பாதிதான்ங்கறார். வண்டியை இன்னும் மூணு வருசம் ஓட்டணும். எது சரி?

டீசல்மணி

மூன்றில் எது என்று இப்போதே சொல்ல முடியாது. நீங்கள் கொடுத்திருக்கும் அறிகுறிகளில் பாதி இன்ஜினுக்கு வெளியே இருந்தும் வரலாம். ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் செலவு செய்து இவற்றைப் பாருங்கள்.

முதலில் ஏர் கம்ப்ரசர். காலையில் ஏர் டேங்க் ட்ரெயினைத் திறங்கள். தண்ணீரோடு ஆயில் கூழாக வந்தால் கம்ப்ரசர் ரிங் போயிருக்கிறது. இந்த வண்டியில் கம்ப்ரசர் டைமிங் கியரில் ஓடுகிறது, அதன் அடிப்பாகம் இன்ஜினோடு சேர்ந்தது. அதனால் கம்ப்ரசரில் கசியும் காற்றும் ப்ரீதர் வழியாகத்தான் வெளியே வரும், பார்ப்பவர் இன்ஜின் ரிங் போச்சு என்பார். வண்டிக்குக் கட்டை போட்டு நிறுத்தி, கம்ப்ரசர் டெலிவரி பைப்பைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள். ப்ரீதர் புகை சட்டென்று குறைந்தால் குற்றவாளி கம்ப்ரசர்.

அடுத்து டர்போ. இன்டர்கூலருக்குப் போகும் பைப்பைக் கழற்றுங்கள். லேசான ஆயில் ஈரம் எல்லா வண்டியிலும் இருக்கும். குளமாகத் தேங்கியிருந்தால் டர்போ சீல். ஆனால் ப்ரீதர் அடைத்திருந்தாலும், டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப் நசுங்கியிருந்தாலும் நல்ல டர்போவே ஆயில் தள்ளும். அதைப் பார்க்காமல் டர்போ மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள்.

பிறகு சிலிண்டர் சிலிண்டராக. இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். பீய்ச்சும் டீசலுக்கு நேரே கையை நீட்டாதீர்கள், துணியைப் போட்டுத் தள்ளி நில்லுங்கள். எந்த சிலிண்டரைக் கட் செய்யும்போது ப்ரீதர் புகை குறைகிறதோ அதில்தான் ரிங் கசிவு. ஆறிலும் ஒரே மாதிரி இருந்தால் பொதுத் தேய்மானம். ஒன்றில் மட்டும் என்றால் ரிங் உடைந்திருக்கலாம், நாசில் ஒழுகி ஆயில் படலத்தைக் கழுவியிருக்கலாம்.

ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் உங்கள் இன்ஜின் தூசு தின்று தேய்ந்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் புது இன்ஜினே வைத்தாலும் அதுவும் தூசு தின்னும்.

ஆயில் பிரஷரை டேஷ்போர்டு மீட்டரை நம்பிச் சொல்கிறீர்களா? மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பாருங்கள். இந்த இன்ஜினுக்குக் கம்பெனி சொல்லும் குறைந்தபட்சம் ஐடிலிங்கில் 10, ரேட்டட் வேகத்தில் 30 பி.எஸ்.ஐ. உங்களுடையது விளிம்பில் இருக்கிறது, செத்துப்போகவில்லை. பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறப் பொடி மின்னினால் பேரிங்கின் மேல் பூச்சு போய் உள் அடுக்கு தேய்கிறது. அப்படியென்றால் இனி ஒரு லோடுகூட ஏற்றாதீர்கள். கிராங்க் தப்பித்தால்தான் பிரித்து வேலை பார்ப்பதற்கே கணக்கு வரும்.

டெம்பரேச்சர் தனிக் கதை. போர்வெல் தண்ணீரே ஊற்றி ஓட்டியிருந்தால் ரேடியேட்டர் குழாய் உப்புப் படிந்து பாதி அடைத்திருக்கும்.

லேத்பட்டறை

மெக்கானிக் சொல்ற ஹாஃப் இன்ஜின் பத்தி மட்டும் சொல்றேன். பழைய லைனர் இன்ஜின் பழக்கத்துல பேசுறார் போல. லைனர்னா பிஸ்டன் ஓடுற, கழட்டி மாத்துற குழாய். லைனர் இருக்கிற இன்ஜின்ல வண்டியில வச்சே லைனர், பிஸ்டன் கிட் மாத்தி முடிக்கலாம். 6பிடில லைனரே கிடையாது. பிஸ்டன் நேரா பிளாக்லயே ஓடுது. போர், அதாவது பிஸ்டன் ஓடுற துளை, தேஞ்சிருந்தா இறக்கி லேத்துக்கு வந்தே ஆகணும், வேற வழி இல்ல.

அளவு இதுதான். ஸ்டாண்டர்ட் போர் 102.00ல இருந்து 102.04 மி.மீ. வரைக்கும். தேய்மான எல்லை 102.116. மேலயும் கீழயும் வித்தியாசம், அதாவது டேப்பர், 0.076க்கு மேல போகக்கூடாது. ஓவல் 0.038க்கு மேல கூடாது. எல்லாமே இதுக்குள்ள இருந்தா ஹோனிங் (கல்லால லேசா தேய்ச்சு குறுக்குக் கோடு போடுறது) பண்ணி ஸ்டாண்டர்ட் ரிங் போட்டுக்கலாம். ஒரே ஒரு சிலிண்டர் தாண்டினாலும் ஆறையும் போர் பண்ணிடுங்க (கடைஞ்சு பெருசாக்கிடுங்க). தேஞ்ச போர்ல புது ரிங் போட்டா மேல் ரிங் தேய்மான விளிம்புல இடிச்சு உடையும், இல்லன்னா அடியில சரியா நின்னு மேல கசியும். ஆறு மாசத்துல அதே புகை.

ஓவர்சைஸ் பிஸ்டன் 0.50, 1.00 ரெண்டு அளவு இருக்கு. உங்க பிளாக் இதுவரை ஸ்டாண்டர்ட்னா ரெண்டு உயிர் பாக்கி. 1.00ம் தாண்டினா ஸ்லீவ் (போருக்குள்ள இறக்குற குழாய்) அடிக்கலாம். ஆனா ஆறுக்கும் ஸ்லீவ் அடிக்கிற நிலைமை வந்தா பிளாக்கை விட்டுட்டு ரீகான் பக்கம் போறதுதான் புத்தி.

போர் கேஜ் வச்சு ஒவ்வொரு சிலிண்டரையும் மூணு உயரத்துல, குறுக்கேயும் நெடுக்கேயும், ஆறு அளவு எடுக்கச் சொல்லுங்க. கண்ணால பார்த்து "போர் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்ற ஆளை நம்பாதீங்க. 0.1 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது.

கிராங்க்: ஜர்னல்னா பேரிங் உக்கார்ற உருளைப் பகுதி. கனெக்டிங் ராட் ஜர்னல் 69 மி.மீ., மெயின் ஜர்னல் 83 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் 0.25, 0.50, 0.75, 1.00 வரை வருது. கிரைண்டிங்ல ஜாக்கிரதை எங்கேன்னா ஜர்னல் ஓரத்துல இருக்கிற வளைவு. கல்லை டிரஸ் பண்ணாம (ஓரத்தை வளைவா சீர் பண்ணாம) வெட்டி அங்க கூர்மையா விட்டா, ஆறு மாசமோ ஒரு வருசமோ கழிச்சு கிராங்க் அந்த இடத்துல ஒடியும். கிரைண்டிங்குக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை கிராக் டெஸ்ட் பண்ணிக்கொடுக்கச் சொல்லுங்க.

ஹெட்டை சுடுதண்ணியில முக்கி காத்தழுத்தம் வச்சு டெஸ்ட் பண்ணணும். இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கு நடுவுல விரிசல் இந்த ஹெட்ல சகஜம், சூடேறின வண்டின்னா கேக்கவே வேண்டாம். ஏத்தத்துல முள் மேல போகுதுன்னு நீங்க சொல்றதால இதைத் தள்ளிப்போடாதீங்க.

ஃப்ளீட் கணக்கு

லேத்பட்டறை அண்ணன் சொன்ன அளவுகளில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதலாளி பார்க்க வேண்டியது வண்டி நிற்கும் நாளையும் சேர்த்து. பிரித்து, அளவெடுத்து, போரிங், கிரைண்டிங், ஹெட், பம்ப் எல்லாம் முடிந்து வர நல்ல பட்டறையில் பன்னிரண்டு, பதினைந்து நாள் ஆகும். ரீகான் இன்ஜின் கையிருப்பில் இருந்தால் மூன்று, நான்கு நாளில் வண்டி சாலையில். அந்த வித்தியாச நாட்களுக்கு லோன் டியூ, டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், வரி எவ்வளவு என்று எழுதி, அதை ரீபில்ட் எஸ்டிமேட்டோடு கூட்டுங்கள். கூட்டின தொகை ரீகான் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால் நான் ரீகானுக்குத்தான் போவேன். தாண்டாவிட்டால் ரீபில்ட். இது என் கணக்கு. வண்டி லோனில் இல்லாதவருக்கு வேறு மாதிரி வரும்.

ரீகான் விலை கேட்கும்போது எதெல்லாம் சேர்ந்தது என்று எழுத்தில் வாங்குங்கள். லாங் பிளாக் என்றால் பெரும்பாலும் பிளாக், கிராங்க், பிஸ்டன், கேம், ஹெட் மட்டும். டர்போ, டீசல் பம்ப், நாசில், கம்ப்ரசர், வாட்டர் பம்ப், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கிளட்ச் இவையெல்லாம் பழையதிலிருந்து மாறும். அந்தப் பழைய கம்ப்ரசர்தான் ஆயில் தள்ளியது என்றால் இன்ஜின் மாறியும் ஆயில் குறையும். பழைய இன்ஜினை எந்த நிலையில் ஏற்பார்கள் என்பதும் முக்கியம். ராட் உடைத்து வெளியே வந்த பிளாக், விரிசல் ஹெட், வெல்டிங் போட்ட கிராங்க் இருந்தால் எக்ஸ்சேஞ்ச் தொகையில் பெரிய வெட்டு விழும். உங்கள் இன்ஜின் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கிறது. அதற்கு மதிப்பு உண்டு. ராட் தட்டும்வரை ஓட்டி அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

புரோக்கர் சொல்லும் இன்ஜின் வேண்டாம். அது யாரோ பிரித்துப் பார்க்காத 9 லட்சம் கிலோமீட்டர் இன்ஜினாக இருக்கலாம். வாங்கி அதைப் பிரித்து வேலை பார்ப்பதற்கு உங்களுடையதையே பார்க்கலாம், வரலாறாவது தெரியும்.

இன்னொன்று, இன்ஜின் நம்பர். பிளாக்கில் குத்தியிருக்கும் நம்பர்தான் ஆர்.சி.யில் இருக்கிறது. உங்கள் பிளாக்கையே வைத்து வேலை பார்த்தால் காகித வேலை ஒன்றும் இல்லை. ரீகான் வைத்தாலும், வெறும் ஷார்ட் பிளாக் (ஹெட் இல்லாத அடிப்பாகம்) வாங்கி வைத்தாலும் நம்பர் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும், கெடு 14 நாள். பில் ஒரிஜினல் வேண்டும், லோன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்று வேண்டும். இதை விட்டுவிட்டால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனையில்) நிறுத்துவார்கள், ஆக்சிடென்ட் ஆனால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதே அந்த நம்பரைத்தான்.

மூன்று வருடம் என்கிறீர்கள். மல்டி ஆக்ஸில் வண்டிக்கு நேஷனல் பெர்மிட் 15 வயது வரைதான். 15 தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரலில் பல மடங்கு ஏற்றினார்கள். 2013 மாடலுக்கு 2028ஓடு வெளி மாநில ஓட்டம் முடிகிறது. அதற்குப் பிறகு உள்ளூர் மணல், ஜல்லி ஓட்டம்தான் என்றால் ரீகானுக்குக் கொட்டும் பணம் திரும்பாது.

சங்ககிரி டென்வீல்

எல்லாருக்கும் நன்றிங்க. நீங்க சொன்னபடி பார்த்தாச்சு, இன்ஜினை இறக்கிப் பிரிச்சும் ஆச்சு. ஃபில்டர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில விரிசல், உள்ளே முழுக்க செம்மண். ஏர் டேங்க்ல ஆயில் கூழ். ஃபில்டர்ல செம்பு இல்லை.

போர் அளவு: 1, 2, 6 மேல்பக்கம் 102.14, டேப்பர் 0.09. மீதி மூணும் 102.10 சுத்தி. ராட் ஜர்னல் ரெண்டு 68.94, மத்ததெல்லாம் 68.97க்கு மேல. மெயின் எல்லாம் ஸ்டாண்டர்டுக்குள்ள இருக்கு. ஹெட்ல 4ஆம் நம்பர் சீட்டுக்கு நடுவுல விரிசல், காத்து டெஸ்ட்ல குமிழி வருது. பிளாக் விரிசல் இல்லை. புது ஹெட் சேர்த்து எஸ்டிமேட், நிக்கிற நாள் எல்லாம் கூட்டினா ரீகான் விலையில பாதிக்குக் கொஞ்சம் மேல. மெயின் ஜர்னலையும் சேர்த்து வெட்டிடலாமாங்கறாங்க. அப்புறம், அசெம்பிளில எதுல ஏமாறுவோம்?

லேத்பட்டறை

இந்த அளவுக்கு ரீபில்ட்தான். 0.50 போரிங், ராட் ஜர்னல் 0.25 கிரைண்டிங், புது ஹெட். ராட் ஜர்னல் குறைந்தபட்சம் 68.962, ரெண்டு ஜர்னல் கீழ போனதால ஆறையும் 0.25ல ஒரே அளவுக்கு வெட்டுங்க. மெயின் அளவுல இருந்தா பாலிஷ் மட்டும் போதும். எதுக்கு ஒரு உயிரை வீணாக்கணும்?

பிஸ்டனைக் கையில வாங்கி அளந்த பிறகுதான் போர் பண்ணணும். பெட்டியில 0.50ன்னு போட்டிருக்கிறதை நம்பி வெட்டக்கூடாது. கடைசி கொஞ்சம் ஹோனிங்குக்கு விட்டு, குறுக்குக் கோடு தெளிவா விழணும்.

ஹோனிங் முடிஞ்சதும் கழுவுறதுலதான் பாதி இன்ஜின் சாகுது. டீசலோ மண்ணெண்ணெயோ போட்டுக் கழுவினா கல் தூள் போர் சுவர்லயே உக்காந்துக்கும். சுடுதண்ணி, சோப்பு, பிரஷ். வெள்ளைத் துணியால துடைச்சா துணி வெள்ளையாவே வரணும். வந்த உடனே ஆயில் தடவிடுங்க, அஞ்சு நிமிசத்துல துரு பிடிக்கும். ஆயில் கேலரி (பிளாக்குக்குள்ள ஆயில் ஓடுற வழி) பிளக் எல்லாம் கழட்டி பிரஷ் விடணும். பிஸ்டனுக்கு அடியில ஆயில் அடிக்கிற கூலிங் நாசில் ஆறும் மெயின் பேரிங் இருப்புல இருக்கு. அதுல ஒண்ணு அடைச்சிருந்தாலும் அந்த பிஸ்டன் ஒட்டிக்கும். கம்பி விட்டுப் பாருங்க.

டீசல்மணி

அசெம்பிளியில் கவனிக்க வேண்டியவை:

ரிங் இடைவெளியைப் போருக்குள் வைத்து ஃபீலர் கேஜில் பாருங்கள். மேல் ரிங் 0.40 முதல் 0.70 மி.மீ., நடு ரிங்கும் ஆயில் ரிங்கும் 0.25 முதல் 0.55. ராட் போல்ட் 35, 70, 100 நியூட்டன் மீட்டர் என மூன்று படியில். மெயின் கேப் 60, 119, 176. காது வைத்துக் கேட்டு இறுக்குவது வேண்டாம், டார்க் ரெஞ்ச் வாடகைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு கேப் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். எந்தக் கேப்பில் பிடிக்கிறதோ அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

பிளாக் முகத்தைச் சீவினால் பிஸ்டன் மேலே எழும் உயரம் கூடும். அளந்து பாருங்கள்; தேவைப்பட்டால் 0.25 அல்லது 0.50 கூடுதல் தடிமன் உள்ள ஹெட் கேஸ்கட் இருக்கிறது. அதை வாங்கச் சோம்பேறித்தனப்பட்டுச் சாதாரண கேஸ்கட் போட்டால் வால்வு பிஸ்டனைத் தொடும்.

டைமிங் கியர் ஹவுசிங்கை நிலைநிறுத்தும் சின்ன டவல் பின் ஒன்று முன்பக்கம் இருக்கிறது. இந்த 12 வால்வு இன்ஜினின் பேர்பெற்ற நோய் அது. வருடக்கணக்கான அதிர்வில் தளர்ந்து கியருக்குள் விழுந்தால் ஹவுசிங்கே உடையும். கவர் திறந்திருக்கும் இப்போதே, பின்னின் வாயை ஹவுசிங் ஓரத்தைத் தட்டி நெருக்குங்கள், அல்லது பக்கத்துப் போல்ட்டில் ஒரு தகடு வைத்து அடையுங்கள்.

கிராங்க் சீல் முன்னும் பின்னும் காய்ந்த நிலையில் ஏற்ற வேண்டும். சீல் உதட்டிலும் கிராங்கிலும் ஆயில் தடவி ஏற்றும் பழக்கம் இந்த வகை சீலுக்கு ஆகாது, உடனே கசியும். டேப்பட் (வால்வு) இடைவெளி குளிர்ந்த இன்ஜினில் இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4.

கம்ப்ரசரைத் தனியாகப் பிரித்து வேலை பார்க்காமல் ஏற்றாதீர்கள். ஃபில்டர் ஹோஸ் புதிது, கிளிப் புதிது. இன்டர்கூலரையும் பைப்புகளையும் கழுவிக் காய வையுங்கள். அதற்குள் நிற்கும் செம்மண் புது ரிங்கை முதல் வாரத்திலேயே அரைத்துவிடும். நாசில் ஆறையும் டெஸ்ட் பென்ச்சில் பாருங்கள். பம்ப்பைக் காலிபரேட் செய்யும்போது "கொஞ்சம் டீசல் ஏத்தி விடுங்க" என்று டிரைவர் கேட்பார். ஏற்றினால் இழுவை கூடும், எக்ஸாஸ்ட் சூடும் கூடும், புது ஹெட்டும் பழைய ஹெட் மாதிரி ஆகும். ரேடியேட்டர் கோரை இந்த முறையே ராடிங் (குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பு எடுப்பது) செய்யுங்கள். போர்வெல் தண்ணீரை நிறுத்திவிட்டு கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி.

சங்ககிரி டென்வீல்

கடைசியா ஒரு கேள்விங்க. ரன்னிங் இன் (வேலை பார்த்த இன்ஜினை முதல்ல ஓட்டிப் பழக்குறது) பத்தி ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மெக்கானிக் ரெண்டு நாள் ஐடிலிங்ல ஓட விடணும்ங்கறார்.

லேத்பட்டறை

அது கூடவே கூடாது. ஐடிலிங்ல ரிங்குக்குப் பின்னாடி அழுத்தம் வராது, போர் கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிடும், ரிங் கடைசி வரைக்கும் உக்காராது. போட்ட காசு அத்தனையும் அந்த ரெண்டு நாள்ல போயிடும்.

ஆயில் 15டபிள்யூ-40, சி.எச்.-4 அல்லது சி.ஐ.-4, ஃபில்டரோட சேர்த்து சுமார் 16 லிட்டர். டிப்ஸ்டிக்கைப் பார்த்து நிரப்புங்க. ஃபில்டரை ஆயில் நிரப்பி மாட்டுங்க, டர்போ ஆயில் பைப்ல கொஞ்சம் ஊத்துங்க. டீசல் கட் பண்ணி வச்சு ஸ்டார்ட்டர்ல சுத்துங்க, ஒரு தடவைக்கு 30 வினாடி, நடுவுல ரெண்டு நிமிசம் ஓய்வு. கேஜ்ல பிரஷர் ஏறின பிறகுதான் டீசல் விடணும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில், தண்ணி கசிவு பார்த்துட்டு, சூடேறினதும் ரோட்டுக்கு எடுத்துடுங்க. முதல் நடை பாதி லோடு. கியரை மாத்தி மாத்தி வேகத்தை ஏத்தி இறக்கி ஓட்டுங்க, டாப் கியர்ல முக்க விடாதீங்க. ஏத்தத்துல ஒரு கியர் முன்னாடியே இறக்கிடுங்க. 1000 கிலோமீட்டர்ல ஆயிலும் ஃபில்டரும் மாத்தி டேப்பட் திரும்ப வைங்க. அந்த ஃபில்டரைத் தூக்கிப் போடாம வெட்டிப் பாருங்க. கொஞ்சம் சாம்பல் நிறப் பொடி இருக்கும், பயப்பட வேண்டாம். செம்பு தெரிஞ்சா வண்டியை நிறுத்திட்டு எழுதுங்க.